ஊடகக் கலைத் தொழிற்பயிற்சி: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊடகக் கலைப் பயிற்சி நிலையம் ஒன்றில் பல ஆண்டுகள் உபகரண அறையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பின்னர் மாணவர் செயல்திட்டங்களுக்கு வழிகாட்டியாக மாறியவன் நான். கேமரா வாங்கிப் போக வருகிறவர்கள் சன்னலருகே நின்று கேட்கும் சந்தேகங்களும், ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு தொலைபேசியில் கேட்கும் சந்தேகங்களும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால். ஒருமுறை சொன்னதை மறுபடி விளக்காமல் பழைய பதிலைச் சுட்டுவதற்காகக் கேள்விகளுக்கு எண் இட்டிருக்கிறேன்.

1. இந்தப் பயிற்சியில் உண்மையில் என்னதான் சொல்லித் தருவார்கள்?

ஒளிப்படம், வீடியோ, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, அனிமேஷன், வரைகலை வடிவமைப்பு ஆகியவற்றில் சிலவோ பலவோ பாடத்திட்டத்தில் இருக்கும். பெயர்கள் நிலையத்துக்கு நிலையம் மாறும். முறை பெரும்பாலும் ஒன்றுதான். முதல் பகுதியில் எல்லோரும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார்கள், பிறகு ஒரு பிரிவைத் தேர்ந்து அதில் ஆழமாகப் போவார்கள், கடைசியில் குழுவாக ஒரு பெரிய செயல்திட்டத்தை முடித்துக் கொடுப்பார்கள்.

கோட்பாட்டுப் படிப்பில் ஒரு படத்தைப் பற்றித் தெளிவாக எழுதத் தெரிந்தால் தேறிவிடலாம். இங்கே அந்தப் படத்தை எடுத்து, தொகுத்து, கேட்ட அளவிலும் கேட்ட கோப்பு வடிவிலும் கேட்ட நாளில் கொடுக்க வேண்டும். ஆகவே முடிந்த வேலைக்கு மட்டுமன்றி, அதற்கு முன் எழுதிய திட்டத்துக்கும், படப்பிடிப்பு அட்டவணைக்கும், குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் உண்டு. குறிப்பேட்டைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து மொத்தமாக எழுதுகிறவர்களைக் கண்டுபிடிப்பது மிக எளிது: எல்லாப் பக்கங்களிலும் ஒரே பேனா மையும் ஒரே மனநிலையும் இருக்கும்.

2. எனக்கு ஒழுங்காக வரையத் தெரியாது, கேமராவையும் தொட்டதில்லை. சேர்ந்தால் சமாளிக்க முடியுமா?

முடியும். ஸ்டோரிபோர்டுக்கு, அதாவது எடுக்கப்போகும் காட்சிகளைக் கட்டம் கட்டமாக முன்பே வரைந்து பார்ப்பதற்கு, குச்சி மனிதர்கள் போதும். கட்டத்துக்குள் யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், கேமரா அருகில் இருக்கிறதா தொலைவில் இருக்கிறதா என்ற மூன்றும் தெரிந்தால் அந்தப் படம் தன் வேலையைச் செய்துவிட்டது. இரு பரிமாண அனிமேஷனைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை செல்லாது. அவர்கள் நாள்தோறும் வரைந்தே ஆக வேண்டும்.

கேமரா தெரியாமல் வருகிறவர்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. ஏற்கெனவே பழகியவர்கள் தானியங்கி முறையில் எடுத்தே பழகியிருப்பார்கள் என்பதால், அதை மறப்பதற்கு அவர்களுக்குச் சில வாரங்கள் கூடுதலாகத் தேவைப்படும்.

3. சொந்தமாகக் கேமராவும் பெரிய கணினியும் வாங்கியே ஆக வேண்டுமா?

சேரும்போதே வாங்காதீர்கள். எந்தப் பிரிவுக்குப் போகப்போகிறீர்கள் என்று தெரியாத நிலையில் வாங்கும் கேமரா, நீங்கள் ஒலிப்பதிவாளராக மாறிய பிறகு அலமாரியில் தூங்கும். காதை முழுவதும் மூடும் ஹெட்போன் ஒன்று, வெளிப்புற ஹார்ட் டிஸ்க் இரண்டு, மெமரி கார்டு ஒன்று, ஒரு குறிப்பேடு ஆகியவை போதும்.

மென்பொருளுக்கும் பெரிய செலவு தேவையில்லை. முப்பரிமாண அனிமேஷனுக்கான பிளெண்டர் 2002 முதல் திறந்த மூல மென்பொருளாகக் கிடைக்கிறது. ஒலிக்கு ஆடாசிட்டி, வரைவதற்குக் கிரிட்டா, படங்களைத் திருத்தக் கிம்ப் ஆகியவையும் இலவசமே. படத்தொகுப்புக்கான டாவின்சி ரிசால்வ் மென்பொருளுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. கணினி மெதுவாக இருந்தால், மூல வீடியோவுக்குப் பதில் அதன் சிறிய நகல்களை வைத்துத் தொகுத்துவிட்டு, கடைசியில் மூலத்தோடு இணைத்து வெளியெடுக்கலாம். பிராக்சி முறை என்று இதைச் சொல்வார்கள். முதல் மாதத்திலேயே இதைக் கற்றுக்கொண்டவர்கள் கணினியைக் குறை சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள்.

4. ஒரு நாள் எப்படிப் போகும்? தூங்க நேரம் கிடைக்குமா?

வகுப்பு நாட்கள் ஒழுங்காகத்தான் இருக்கும். படப்பிடிப்பு நாட்கள்தான் நீளும், அதிலும் பெரும்பகுதி காத்திருப்பு: வெளிச்சத்துக்காக, தாமதமாக வரும் நடிகருக்காக, தெருவில் கத்திக்கொண்டிருக்கும் வண்டி நகர்வதற்காக. வழக்கமான வடிவில் எழுதிய திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது பழைய கணக்கு. அந்த ஒரு பக்கத்தை எடுக்க முதலாண்டுக் குழுவுக்கு அரை நாள் ஆகும் என்று வைத்துத் திட்டமிட்டால் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது. பத்துப் பக்கத்தை ஒரே நாளில் எடுத்துவிடுவோம் என்று எழுதிக் கொண்டுவரும் அட்டவணைகளை நான் சிவப்பு மை கூடத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இரவு முழுவதும் விழித்திருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் மாணவரிடையே உண்டு. விடிகாலை நான்கு மணிக்குத் தொகுத்த காட்சியை மறுநாள் மதியம் பாருங்கள்; பெரும்பாலும் மறுபடியும் தொகுப்பீர்கள்.

5. படம் எடுக்க விடாமல் ஏன் ஒரு நிமிடப் பயிற்சிகளாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்?

ஒரு நிமிடத்தில் செய்யும் தவறு இருபது நிமிடப் படத்திலும் அப்படியே வரும், ஆனால் அங்கே அதைத் திருத்த ஒரு மாதம் ஆகும். வசனமில்லாமல் ஒருவர் சாவியைத் தேடுவதை ஒரு நிமிடத்தில் எடுக்கச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முயற்சியில் அநேகமாக எல்லோரும் தேடும் மனிதரின் முகத்தையே எடுத்து வருவார்கள். மேசை, சட்டைப் பை, கதவு எதுவும் இருக்காது. எனவே எதைத் தேடுகிறார், ஏன் பதறுகிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் செய்துகாட்டியது இதுதான்: ஒரே முகத்தின் ஒரே ஷாட்டை ஒருமுறை சூப்புக் கிண்ணத்துக்கு அடுத்தும் இன்னொருமுறை சவப்பெட்டிக்கு அடுத்தும் வைத்தால், பார்ப்பவர் முதலில் பசியையும் பிறகு துயரத்தையும் அந்த முகத்தில் காண்கிறார். நடிப்பு மாறவில்லை, அடுத்த ஷாட் மாறியது.

அனிமேஷன் பிரிவில் இதற்கு இணையானது துள்ளும் பந்து. டிஸ்னி ஓவியர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் வகுத்துத் தந்த 12 கோட்பாடுகளில், நசுங்கி நீள்வது, வேகம் கூடிக் குறைவது, வளைவான பாதை, நேரக் கணக்கு ஆகிய நான்கையாவது அந்த ஒரு பந்து கேட்டுவிடும். நொடிக்கு 24 ஃப்ரேம் (திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அசையாப் படங்கள்) என்றால், ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி நொடிக்கு 12 படங்கள் வரைந்தால் போதும். பந்து மேலே போகப்போகப் படங்கள் நெருக்கமாகவும் கீழே விழும்போது இடைவெளி விட்டும் அமைய வேண்டும். சம இடைவெளியில் வரைந்தால் பந்துக்கு எடையே இருக்காது, நூலில் கட்டி இழுத்ததுபோல் போகும்.

6. உபகரணம் இரவல் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதாதா?

போதாது. பையைச் சன்னலிலேயே திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். மின்கலங்கள் எத்தனை, அவற்றில் மின்னேற்றம் இருக்கிறதா, லென்ஸின் இரு பக்கமும் சுத்தமாக இருக்கிறதா, மெமரி கார்டில் வேறொருவரின் வேலை மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கேமராவின் அடியில் திருகி டிரைபாடில் பொருத்தும் அந்தச் சிறு தகடு இருக்கிறதா என்று பாருங்கள். நான் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் படப்பிடிப்புகளைக் கெடுத்ததில் முதலிடம் அந்தத் தகட்டுக்குத்தான். முந்தைய குழுவின் கேமராவோடு ஒட்டிக்கொண்டு அது போயிருக்கும், டிரைபாட் மட்டும் வந்திருக்கும்.

கம்பிகளை முழங்கையில் சுற்றாதீர்கள். ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் கையை உள்பக்கம் திருப்பி எதிராக என்று மாற்றி மாற்றிச் சுற்றினால் கம்பிக்குள் முறுக்கு ஏறாது, வீசினால் சிக்கலின்றி நேராக விரியும். ஏதாவது உடைந்திருந்தால் திருப்பித் தரும்போதே சொல்லிவிடுங்கள். உடைத்தவர் மீது வரும் கோபம் அன்றே தீர்ந்துவிடும்; மறைத்தவர் மீது வருவது அவ்வளவு சீக்கிரம் தீராது.

7. காட்சி அருமையாக இருக்கிறது, ஒலி சரியில்லை என்று மட்டும் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். இது நியாயமா?

நியாயம்தான். சற்று மங்கலான காட்சியைப் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், புரியாத வசனத்தைப் பொறுக்கமாட்டார். மாணவர் படங்களில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் மூன்றே. கேமராவின் மேலிருக்கும் மைக்கை நம்பி, பேசுபவரிடமிருந்து நான்கு அடி தள்ளி நின்று எடுப்பது முதலாவது. தொலைவு இரட்டிப்பானால் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும், ஆனால் அறையின் எதிரொலி குறையாது. அதனால்தான் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. இரண்டாவது, ஒலி அளவை மிக மேலே வைப்பது. பதிவுக் கருவியின் அளவுகாட்டியில் பூச்சியம்தான் மேல் எல்லை; வசனத்தின் உச்சம் அதில் கழித்தல் 12 டெசிபல் அளவில் நின்றால் நல்லது. பூச்சியத்தைத் தாண்டினால் ஒலி உடைந்துவிடும், வழக்கமான 16 அல்லது 24 பிட் பதிவில் உடைந்ததை எந்த மென்பொருளும் முழுமையாக மீட்டுத் தராது. மூன்றாவது, ஹெட்போன் போடாமல் பதிவு செய்வது. இதற்கு விளக்கமே தேவையில்லை.

படப்பிடிப்பு இடத்துக்குப் போனதும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, குழாய்ச் சொட்டு எல்லாம் அப்போதுதான் காதில் விழும். குளிர்பதனப் பெட்டியை அணைத்தால், வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். மறுபடி அதைப் போடாமல் நீங்கள் வீடு போக முடியாது. ஒலிப்பதிவாளர்களிடம் வழிவழியாக வரும் தந்திரம் இது, வீட்டுக்காரரோடு உறவு கெடாமல் காப்பாற்றும்.

ஒவ்வோர் இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, யாரும் பேசாத ஒலியை அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வசனங்களுக்கிடையே வெட்டி ஒட்டும்போது விழும் ஓட்டைகளை அடைக்க அதுதான் உதவும். வீடியோவுக்கான ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள், 44.1 இசைக் குறுந்தகடுக்கான (சிடி) அளவு.

8. விளக்கு வெளிச்சத்தில் எடுத்ததில் கோடு கோடாக ஓடுகிறது. கேமரா பழுதா?

பெரும்பாலும் இல்லை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஓடும் இடங்களில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறையும், 60 ஹெர்ட்ஸ் இடங்களில் 120 முறை. கேமராவின் ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி உள்ளே விழும் நேரம், அதோடு ஒத்துப்போகாவிட்டால் அந்தத் துடிப்பு பட்டைகளாகத் தெரியும். முதல் வகை இடத்தில் 1/50 அல்லது 1/100, இரண்டாம் வகை இடத்தில் 1/60 அல்லது 1/120 வைத்துப் பாருங்கள். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள எல்இடி விளக்குகள் வேறு கணக்கில் துடிக்கக்கூடும், அங்கே விளக்கை முழு ஒளியில் வைப்பது பல நேரம் தீர்த்துவிடும்.

9. ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்துவிட்டது. எல்லாமே அதில்தான் இருந்தது. ஏதாவது செய்ய முடியுமா?

உடனே அதை மறுபடி மறுபடி இணைத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டால், இயக்கும் ஒவ்வொரு முறையும் தட்டு இன்னும் கீறப்படலாம். தரவு மீட்பவர்களிடம் கொடுக்கலாம், செலவாகும், உறுதியும் இல்லை. என்னிடம் இந்தக் கேள்வியோடு வந்தவர்களில் பாதிப்பேர் கடைசியில் மறுபடி படப்பிடிப்புக்குத்தான் போனார்கள்.

இனிமேல் செய்ய வேண்டியது இது: மூன்று நகல்கள், இரு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறோர் இடத்தில். ஒளிப்படக் கலைஞர் பீட்டர் கிரோக் பரவலாக்கிய 3-2-1 என்ற இந்த விதியை அலுப்பாக நினைக்காதவர்கள் யாருமில்லை, பயன்பட்ட பிறகு மறந்தவர்களும் யாருமில்லை. படப்பிடிப்பு இடத்திலேயே கார்டிலிருந்து இரண்டு டிஸ்க்குகளுக்கு நகலெடுத்து, இரண்டையும் இருவர் வெவ்வேறு பைகளில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நகலைத் திறந்து, முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். கோப்பின் பெயர் பட்டியலில் தெரிவதால் மட்டும் அது முழுதாக வந்துவிட்டது என்று பொருளில்லை.

இடம் எவ்வளவு வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதும் கேமரா நொடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி எடுக்கும். மூன்று மணி நேரப் பதிவுக்கு 135 ஜிபி, மூன்று நகலுக்கு 405 ஜிபி. 1 டிபி என்று வாங்கிய டிஸ்க்கைச் சில கணினிகள் 931 என்று காட்டுவது ஏமாற்று வேலை அன்று. தயாரிப்பவர் ஆயிரங்களிலும் கணினி 1024களிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடுதான்.

10. கோப்புக்கு என்ன பெயர் வைத்தால் என்ன? எனக்குத் தெரிந்தால் போதாதா?

ஒரு குழு எனக்கு “இறுதி”, “இறுதி புதியது”, “இதுதான் இறுதி” என்று மூன்று கோப்புகளை அனுப்பியது. மூன்றில் நல்லது முதலாவது. நான் பார்த்து மதிப்பெண் இட்டது மூன்றாவது. செயல்திட்டப் பெயர், காட்சி எண், பதிப்பு எண், ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் தேதி என்று வைத்தால் கணினியே காலவரிசையில் அடுக்கித் தரும். பதிப்பு எண்ணை 1 என்று எழுதாமல் 01 என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் சில மென்பொருள்களில் 10 போய் 2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். “இறுதி” என்ற சொல்லைக் கோப்புப் பெயரில் தடை செய்வது நல்லது என்பது என் கட்சி.

11. நாளைக் காலை ஒப்படைக்க வேண்டும், ரெண்டர் இன்னும் முடியவில்லை. என்ன செய்வது?

ரெண்டர், அதாவது கணினி காட்சியைக் கணக்கிட்டு முடிந்த படமாக ஆக்கும் வேலை, பாதியில் இருக்கும்போது செய்யக்கூடியது கொஞ்சம்தான்: அளவைக் குறைத்து ஒரு பிரதியை வெளியெடுத்து ஒப்படையுங்கள், முழு அளவுப் பிரதி எப்போது வரும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். குறைந்த தரத்தில் வந்த வேலையை மதிப்பிடலாம், வராத வேலையை மதிப்பிட முடியாது.

அடுத்த முறை முதலிலேயே பெருக்கிப் பாருங்கள். முப்பரிமாணத்தில் 10 நொடிக் காட்சி என்றால் 240 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கு 5 நிமிடம் என்றால் 1,200 நிமிடம், அதாவது 20 மணி நேரம். ஒரே ஒரு ஃப்ரேமை ரெண்டர் செய்து நேரம் பார்த்தால் இது ஒரு வாரத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். நேராக வீடியோவாக வெளியெடுக்காமல் தனித்தனிப் படங்களாக எடுத்துப் பின்னர் சேருங்கள். 200-ஆவது ஃப்ரேமில் கணினி நின்றாலும் முதல் 199 கையில் இருக்கும்.

12. எல்லோருக்கும் இயக்குநர் வாய்ப்பு. எனக்கு மட்டும் தயாரிப்பு மேலாளர் வேலை. நான் என்ன குறைந்துபோனேன்?

குறைந்து போகவில்லை. இயக்குநராக விரும்புகிறவர் வகுப்பில் இருபது பேர் இருப்பார்கள், அட்டவணை போடத் தெரிந்தவர் இருவர் இருந்தால் அதிகம். ஆறு பேரை ஒரே நேரத்தில் ஓரிடத்துக்கு வரவைத்து, அனுமதி வாங்கி, மழை வந்தால் எந்தக் காட்சியை உள்ளே எடுப்பது என்று முதல்நாளே யோசித்துவைத்திருப்பவர்தான் படத்தை முடிக்கிறார். படிப்பை முடித்து வெளியே போகிறவர்களில் முதலில் அழைக்கப்படுகிறவர்கள் ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு மேலாண்மை செய்தவர்களாக இருப்பதை நான் தொடர்ந்து பார்த்துவந்திருக்கிறேன்.

அதே நேரத்தில், ஒவ்வொரு செயல்திட்டத்திலும் ஒரே ஆளுக்கு ஒரே வேலையைத் தள்ளிவிடுவதும் தவறு. இரண்டாம் முறையும் அப்படி நடந்தால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், வேலைகளைச் சுழற்சி முறையில் மாற்றச் சொல்வதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

13. குழுவில் ஒருவர் வேலையே செய்வதில்லை. போட்டுக்கொடுப்பதுபோல் ஆகிவிடுமே என்று சொல்லாமல் இருக்கிறோம்.

பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிட முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு வந்து சொன்னால் நான் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆனால் முதலில் அவரிடமே கேளுங்கள். “வேலையே செய்வதில்லை” என்று சொல்லப்பட்ட பலரிடம் விசாரித்தால், என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் யாருமே சொல்லாதது தெரியவரும். இன்னும் சிலருக்கு வீட்டில் நோயாளியோ வருமானத்துக்கான பகுதிநேர வேலையோ இருக்கும்.

முதல் கூட்டத்திலேயே யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தக் கேள்வி பாதியாகக் குறையும். நட்பு கெட்டுவிடும் என்று அதைத் தவிர்ப்பவர்களின் நட்புதான், நான் பார்த்தவரை, முதலில் கெடுகிறது. தாள் இருந்தால் “நீ சோம்பேறி” என்று சொல்ல வேண்டியதில்லை, “12-ஆம் தேதி ஒலிக் கோப்பு வரவில்லை” என்று சொன்னால் போதும்.

14. விமர்சன வகுப்பில் என் படத்தை எல்லோர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எப்படி எடுத்துக்கொள்வது?

படம் ஓடி முடிந்ததும் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். “அன்றைக்கு மழை, அதனால்தான்” என்ற வாக்கியத்தைத் திரையரங்கில் யாரும் கேட்கப்போவதில்லை. பேசுகிறவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு, இரண்டு நாள் கழித்துப் படியுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டியிருந்தால் அங்கே ஏதோ கோளாறு உண்டு. அதற்கு அவர்கள் சொல்லும் தீர்வு தவறாக இருக்கலாம். நடுவில் இழுக்கிறது என்பார்கள். சரி செய்ய வேண்டியது பெரும்பாலும் தொடக்கத்தில் இருக்கும்.

வேலையை விட்டுவிட்டு ஆளைப் பற்றிப் பேசுகிறவர் ஆசிரியராகவே இருந்தாலும், அது விமர்சனம் ஆகாது. அதைப் பொறுத்துக்கொள்வது பயிற்சியின் பகுதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

15. இணையத்தில் கிடைக்கும் பாட்டை முப்பது நொடிக்குள் போட்டுக்கொண்டால் பிரச்சினை இல்லையாமே?

அப்படிப் பொது விதி எதுவும் இல்லை. 1886-இல் தொடங்கிய பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், படைப்பு உருவானதுமே பதிவு எதுவும் இல்லாமல் பதிப்புரிமை வந்துவிடுகிறது. பாட்டில் இரண்டு உரிமைகள் அடங்கியிருக்கும்: இசையும் வரிகளும் ஒன்று, பதிவு செய்யப்பட்ட ஒலி இன்னொன்று. நீங்களே பாடிப் பதிவு செய்தாலும் முதலாவது மிச்சமிருக்கும். கல்விப் பயன்பாட்டுக்கான விலக்கு நாட்டுக்கு நாடு மாறும், அப்படியே இருந்தாலும் வகுப்பறைக்கு வெளியே விழாவுக்கோ இணையத்துக்கோ படம் போகும்போது அது பெரும்பாலும் கைகொடுக்காது.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன, ஆனால் அவற்றையும் படித்துப் பார்த்தே பயன்படுத்த வேண்டும். பெயர் குறிப்பிட்டால் போதும் என்பது ஒரு வகை, வணிகத்துக்குக் கூடாது என்பது இன்னொன்று. “மாற்றம் கூடாது” என்ற வகையில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாட்டை நான் வெட்டவில்லையே என்று கேட்பார்கள். ஓடும் காட்சியோடு இசையைப் பொருத்துவதே அந்த உரிமங்களின்படி மாற்றம்தான். ஆகவே அந்த வகை இசையைப் படத்தில் சேர்க்க முடியாது. “அதே உரிமத்தில் பகிர்” என்ற வகையைச் சேர்த்தால் உங்கள் படத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், இசை பயிலும் நண்பர் ஒருவரைப் பிடித்து எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்வது இவை எல்லாவற்றையும்விடச் சுலபம்.

16. பேட்டி கொடுத்தவர் அப்போது சரி என்றார், இப்போது வேண்டாம் என்கிறார். படத்தை ஒப்படைத்தாயிற்று.

கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இருந்தால் சட்டப்படி உங்கள் நிலை வலுவாக இருக்கலாம். இருந்தும், மாணவர் படத்துக்காக ஒருவருக்கு வேலையோ உறவோ பாதிக்கப்படும் என்றால் எடுத்துவிடுங்கள் என்றே நான் சொல்வேன். மதிப்பீட்டுக் குழுவிடம் காரணத்தைச் சொன்னால் மாற்றிய பிரதியை ஏற்பதில் பெரிய தடை இருப்பதில்லை. முகம் மறைத்துக் குரலை மாற்றலாமா என்று அவரிடமே கேட்டுப் பார்க்கலாம்.

படிவத்தில் படம் எங்கெல்லாம் காட்டப்படும் என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள்: வகுப்பறை, விழா, இணையம். பேட்டி கொடுக்கிறவர் பெரும்பாலும் முதலாவதை மட்டும் மனதில் வைத்துத்தான் தலையாட்டுகிறார். சிறுவர்கள் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும்.

17. வெளியாள் ஒருவருக்காகச் செய்யும் செயல்திட்டம். பத்தாவது முறையாகத் திருத்தம் கேட்கிறார். எப்படி நிறுத்துவது?

இப்போது நிறுத்துவது கடினம், அதற்கான வாக்கியம் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்: இத்தனை நிமிட வீடியோ, இந்த அளவில், இத்தனை சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் தனி ஏற்பாடு. 13-ஆம் பதிலில் சொன்ன தாளைப் போலத்தான் இதுவும். இப்போதைக்கு, மிச்சத் திருத்தங்களை மொத்தமாக ஒரே பட்டியலில், ஒரே ஆள் மூலம் தரச் சொல்லுங்கள். திருத்தம் முடிவில்லாமல் வருவதற்குக் காரணம் பல நேரம் அவரது அலுவலகத்தில் நான்கு பேர் தனித்தனியாகக் கருத்துச் சொல்வதுதான்.

அச்சு வேலை என்றால் அவர் ஒப்புதல் தரும் கோப்பு எது என்பதில் கூடுதல் கவனம் தேவை. ஏ4 அளவை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் வைத்தால் 2480-க்கு 3508 பிக்சல் வரும். சமூக ஊடகத்துக்குச் செய்த சிறு படத்தை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு அழுதவர்கள் உண்டு. திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் அச்சு மையில் மங்கும் என்பதையும் முதலிலேயே அவரிடம் சொல்லிவையுங்கள்.

18. செயற்கை நுண்ணறிவுக் கருவியில் படம், குரல் எல்லாம் செய்துகொள்ளலாமா? கண்டுபிடிக்கவா போகிறார்கள்?

முதலில் உங்கள் நிலையத்தின் விதியைப் படியுங்கள், பாடத்துக்குப் பாடம்கூட அது மாறலாம். அனுமதி இருந்தால் எந்தக் கட்டத்தில், எந்தக் கருவியை, எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். பேட்டியை எழுத்தாக்குவதற்கோ பின்னணி இரைச்சலைக் குறைப்பதற்கோ பயன்படுத்துவதில் பெரும்பாலோர் ஆட்சேபம் சொல்வதில்லை. ஆனால் 5-ஆம் பதிலில் சொன்ன பந்தைக் கருவியிடம் கொடுத்துவிட்டால், இடைவெளி ஏன் தவறு என்று உங்களுக்குத் தெரியாது. திருத்தம் கேட்கும் முதல் நாளிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

ஒருவரின் குரலையோ முகத்தையோ அவர் அனுமதியின்றி உருவாக்காதீர்கள். வெளியாள் தந்த பொருள்களை இணையவழிக் கருவிகளில் ஏற்றும் முன் அவரிடம் கேளுங்கள். கண்டுபிடிக்கிறார்களா என்பதற்கு: மதிப்பீட்டின்போது மூலக் கோப்பைத் திறந்து ஓர் அடுக்கை நகர்த்திக் காட்டச் சொல்வோம். அவ்வளவுதான்.

19. ஷோரீல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? நான்கு நிமிடம் வந்துவிட்டது.

ஷோரீல் என்பது உங்கள் சிறந்த வேலைகளின் துண்டுகளைத் தொகுத்து, வேலை தேடும்போது காட்டும் வீடியோ. அதற்கு ஒன்றரை நிமிடம் போதும். சிறந்ததை முதலில் வையுங்கள், கடைசிவரை யாரும் பார்ப்பார்கள் என்று நம்பி ஒளித்துவைக்காதீர்கள். ஒரு நல்ல ஷாட்டுக்கு அடுத்து ஒரு சுமாரான ஷாட் வந்தால், உங்களுக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றே பார்ப்பவர் எண்ணுவார். எந்தப் பிரிவு வேலைக்கு அனுப்புகிறீர்களோ அதை மட்டும் வையுங்கள்.

20. குழுவாக எடுத்த படத்தை என் ஷோரீலில் போடலாமா? அந்தப் படம் உண்மையில் யாருடையது?

போடலாம், நீங்கள் செய்த வேலை எது என்பதைத் திரையிலேயே எழுதிப் போடுங்கள்: “ஒளியமைப்பு மட்டும்”, “வண்ணத் திருத்தம் மட்டும்”. ஒரே காட்சியை இரண்டு பேர் தம் ஒளிப்பதிவு என்று ஒரே ஆளிடம் காட்டிய சங்கடம் நடந்திருக்கிறது. அந்த ஆள் இருவரையும் அழைக்கவில்லை.

உரிமை யாருக்கு என்பது இதைவிடச் சிக்கலானது. சில நிலையங்கள் சேர்க்கைப் படிவத்திலேயே மாணவர் படைப்புகளைத் தம் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியை வாங்கிவிடுகின்றன, சில முழு உரிமையையும் கோருகின்றன, சில மாணவரிடமே விட்டுவிடுகின்றன. எனவே நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தைத் தேடி எடுத்துப் படிப்பதுதான் முதல் வேலை. உரிமை மாணவரிடம் இருந்தால், கதை எழுதியவர், இசை அமைத்தவர், படம் எடுத்தவர்கள் என்று பலருக்கும் அதில் பங்கு இருக்கக்கூடும். விழாவுக்கு அனுப்புவதற்கு யார் கையெழுத்திடலாம், பரிசு வந்தால் எப்படிப் பிரிப்பது, மறுதொகுப்பு செய்ய யாருக்கு அனுமதி என்ற மூன்றையும் படப்பிடிப்புக்கு முன்பே, 13-ஆம் பதிலில் சொன்ன அதே தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மூலக் கோப்புகளின் ஒரு நகல் குழுவில் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும். ஒருவர் ஊர் மாறிப் போய், தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்ட பிறகு விழாக்குழு முழு அளவுப் பிரதியைக் கேட்டு எழுதும்.